கடலுக்கு அடியில் ஒரு நாற்று நடவு

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் வேளாண்மை அலுவலர் ஒருவர் பேசியது)



இன்றைக்கு நெல், வாழை, கரும்பு எதைப் பற்றியும் நான் பேச ஆரம்பிக்கப் போவதில்லை. கடலுக்கு அடியிலே வளர்கிற பயிர்களைப் பற்றிப் பேசப் போகிறேன். "என்னய்யா இது, திருச்சியிலே இருந்து கடற்கரைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேலே பஸ்ஸிலே போகணும். நமக்கு எதற்கு இந்தக் கதை?" என்று நீங்கள் முணுமுணுப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தப் பேச்சைக் கேட்டு வாங்கியதே உங்களைப் போன்ற ஒரு விவசாயிதான். தென்னூர் உழவர் சந்தைக்குக் கத்தரியும் வெண்டையும் கொண்டு வருகிறவர். அவர் கேட்டார்: "சார், கடல்பாசித் திரவம் வாங்கித் தெளித்தேன். செடி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடல் சூடாகிறது, கடலுக்குள்ளே இருக்கிற பாசிக் காடெல்லாம் அழிகிறது என்று பேப்பரில் போடுகிறார்களே, அப்படியானால் இது நாளைக்குக் கிடைக்குமா? அழிந்ததைத் திரும்ப நட முடியுமா?"

நல்ல கேள்வி. முக்கியமாக அந்த இரண்டாவது கேள்வி. அழிந்த பயிரைத் திரும்ப நடுவது எப்படி என்பது விவசாயிக்குத் தெரியாத விஷயமா என்ன?

முதலில் ஒரு வித்தியாசத்தைத் தெரிந்து கொள்ளுங்கள். கடலிலே பச்சையாக எது தெரிந்தாலும் நாம் பாசி என்று சொல்லிவிடுகிறோம். கடலுக்குள்ளே பாசி வேறு, புல் வேறு. பாசிக்கு உண்மையான வேர் கிடையாது, பூ கிடையாது, விதையும் கிடையாது. பாறையைப் பிடித்துக்கொள்ள அடியில் ஒரு பிடிப்பு இருக்கும், அவ்வளவுதான். சத்தைத் தண்ணீரிலிருந்து உடம்பு முழுவதாலும் உறிஞ்சிக்கொள்ளும். கடற்புல் அப்படியல்ல. அது நம் வரப்பிலே இருக்கிற அறுகம்புல் மாதிரி, மண்ணுக்குள்ளே கிடைத்தண்டு ஓடவிட்டு, கணுவுக்குக் கணு வேர் விட்டுப் படர்கிற செடி. தண்ணீருக்கு அடியிலேயே பூத்து, காய்த்து, விதையும் போடும்.

வெளிநாடுகளில் காடு காடாக அழிகிறது என்று பேப்பரில் வருவது பெரும்பாலும் கெல்ப் என்கிற பழுப்புப் பாசி. குளிர்ந்த கடலில்தான் அது வளரும்; நம்முடைய கடலில் கிடையாது. அதிலே இராட்சத கெல்ப் என்று ஒரு வகை, தரையிலிருந்து தண்ணீர் மட்டம் வரைக்கும் 30, 40 மீட்டர் எழும்பி நிற்கும். நம்முடைய நெட்டைத் தென்னையே அதற்குப் பக்கத்தில் குட்டைதான். காலம் நன்றாக இருந்தால் ஒரே நாளில் அரை மீட்டர் வளரும். அந்தக் காட்டுக்குள்ளே மீன், நண்டு, சிங்கி இறால் எல்லாம் குடியிருக்கும்.

இந்தக் காடு எப்படி அழிந்தது என்று பார்ப்போம். அமெரிக்காவில் வட கலிபோர்னியாக் கரை. அங்கே கெல்ப்பைத் தின்கிற கடல் முள்ளெலி என்று ஒரு பிராணி உண்டு. உருண்டையாக, உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும். அந்த முள்ளெலியைத் தின்று கட்டுக்குள் வைத்திருந்தது ஒரு பெரிய நட்சத்திர மீன். 2013-ல் நட்சத்திர மீன்களுக்கு ஒரு நோய் வந்து கூட்டம் கூட்டமாகச் செத்தன. அதன் பின்னாலேயே 2014 முதல் 2016 வரைக்கும் கடலில் கடும் வெப்பம். சூடான தண்ணீரில் கெல்ப்புக்கு வேண்டிய சத்து குறைந்துவிடும், காடு நலிந்தது. நலிந்த காட்டிலே, கேட்பாரில்லாமல் பெருகிய முள்ளெலி புகுந்தது. ஆந்தையும் பாம்பும் இல்லாத வயலிலே எலி என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் காடு போய்விட்டது. இதிலே வேடிக்கை என்னவென்றால், தின்பதற்கு ஒன்றுமே இல்லாவிட்டாலும் அந்த முள்ளெலி சீக்கிரம் சாகாது. வெறும் ஓட்டோடு வருஷக்கணக்கில் பட்டினி கிடந்து, புதிதாக ஒரு துளிர் விட்டால் உடனே அதைத் தின்றுவிடும். ஆகவே அங்கே காட்டை மீட்க நினைக்கிறவர்கள் முதலில் செய்கிற வேலை நடவு அல்ல. தண்ணீருக்குள் மூழ்கி முள்ளெலியைப் பொறுக்குவதும் சுத்தியலால் உடைப்பதும்தான்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் 2011-ல் ஒரு கடல் வெப்ப அலை வந்தது. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் நீளக் கரையிலே கெல்ப் அடியோடு போயிற்று. தண்ணீர் மறுபடி குளிர்ந்தது, ஆனால் காடு திரும்பவில்லை. ஏனென்றால் அதற்குள் வெப்பக் கடல் மீன்கள், நம்ம ஊர் ஓரா மீனுக்குச் சொந்தக்கார மீன்கள், தெற்கே இறங்கி வந்து குடியேறிவிட்டன. அவை துளிரை மேய்ந்துகொண்டே இருந்தன. காட்டை இழப்பதற்கு ஒரு கோடை போதுமாக இருந்தது.

இதற்கு நேர்மாறான கதை ஒன்றும் அதே ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. சிட்னி நகரத்துக் கரையில் சுமார் 70 கிலோமீட்டர் நீளத்துக்கு இருந்த கிரேவீட் என்கிற பெரிய பழுப்புப் பாசி 1980-களில் காணாமல் போனது. நகரத்துச் சாக்கடையைக் கரையோரமாகவே கடலில் விட்டதுதான் காரணம் என்று கருதுகிறார்கள். பிறகு 1990-களின் தொடக்கத்தில் குழாய் போட்டுக் கழிவை ஆழ்கடலுக்குக் கொண்டு போனார்கள். கரையோரத் தண்ணீர் தெளிந்தது. தெளிந்து இருபது வருஷமாகியும் பாசி தானாக வரவில்லை, ஏனென்றால் பக்கத்திலே வித்து போடத் தாய்ச்செடி இல்லை. 2011-லிருந்து விஞ்ஞானிகள் வேறு இடத்திலிருந்து ஆணும் பெண்ணுமாக முற்றிய செடிகளைக் கொண்டு வந்து, வலைப்பாயில் கட்டி, பாயைப் பாறையோடு முடுக்கி வைத்தார்கள். நட்ட செடிகள் சுற்றியிருந்த பாறையிலே வித்து விழவிட்டன. குட்டிகள் முளைத்தன, அந்தக் குட்டிகளும் வளர்ந்து வித்து போட்டன. அதற்குப் பிறகு அந்த இடத்திலே மனிதன் நட வேண்டிய தேவை இல்லை.

இந்த இரண்டு ஊரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம்முடைய மணிகண்டம் பக்கத்துக் களர் நிலம் ஞாபகத்துக்கு வருகிறதா? களர் நிலத்தைச் சீர்திருத்தாமல் நேராக நாற்றைக் கொண்டு போய் நட்டால் என்ன ஆகும்? பத்து நாளில் நுனி கருகி, இருபது நாளில் பயிர் வெறிச்சோடிப் போகும். அதற்கு விதையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. மண்ணைப் பரிசோதித்து, வேண்டிய அளவு ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீரைத் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழுது, அதற்கு அப்புறம்தான் நடவு. அப்படிச் செய்த பிறகும் முழுதாகத் தீராத குறைக்குத் தாங்குகிற இரகம் வேண்டும். அதற்காகத்தான் நாவலூர் குட்டப்பட்டு வேளாண்மைக் கல்லூரியிலே டி.ஆர்.ஒய்.1, டி.ஆர்.ஒய்.3 என்று இரகங்களைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள்.

கடலிலும் இதே வரிசைதான். எது பயிரைக் கொன்றதோ அதை முதலில் நிறுத்த வேண்டும். சாக்கடையாக இருந்தால் சாக்கடையை. முள்ளெலியாக இருந்தால் முள்ளெலியை. வெப்பம் என்று வரும்போதுதான் சிக்கல், ஏனென்றால் வெப்பத்தை நிறுத்த அந்த ஊர்க்காரன் கையிலே மதகு இல்லை. அதனால் வெப்பம் தாங்குகிற இரகத்தைத் தேடுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் தெற்கே டாஸ்மேனியா என்ற தீவில் இராட்சத கெல்ப் நூற்றுக்கு 95 பங்கு அழிந்துவிட்டது. மிச்சமிருக்கிற ஐந்து பங்கிலே வெப்பத்தைத் தாங்கி நின்ற செடிகளைப் பார்த்து, அவற்றின் வித்தை எடுத்து வளர்த்து நடுகிறார்கள். வறட்சியில் காயாமல் நின்ற கதிரை விதைக்கு எடுத்து வைத்த நம் பாட்டன்மார் செய்ததும் இதுதானே! நார்வே நாட்டில் இன்னொரு யுக்தி: சின்னச் சின்ன ஜல்லிக் கற்களின் மேல் ஆய்வுக்கூடத்திலேயே கெல்ப் வித்தை முளைக்க வைத்து, அந்தக் கல்லைப் படகிலிருந்து கடலில் வீசிவிடுவது. கிட்டத்தட்ட நேரடி விதைப்பு. தென் கொரியாவில் வருஷாவருஷம் மே 10-ஆம் தேதி, நாம் வனமகோத்சவம் கொண்டாடுகிற மாதிரி, கடலில் மரம் நடும் நாள் என்று 2013-லிருந்து அரசாங்கமே கொண்டாடுகிறது.

சரி, நம்ம கடலுக்கு வருவோம். பூமத்திய ரேகைப் பக்கத்து இந்தியப் பெருங்கடலின் மேல்தண்ணீர் 1951-லிருந்து 2015-க்குள் சராசரி ஒரு டிகிரி சூடாகியிருக்கிறது. உலகக் கடல்களின் சராசரி 0.7 டிகிரிதான். ஒரு டிகிரிதானே என்று நினைக்காதீர்கள். நம்ம உடம்புக்கு ஒரு டிகிரி ஏறினாலே காய்ச்சல் என்று படுத்துவிடுகிறோம். மன்னார் வளைகுடாவில் ஏப்ரலிலிருந்து ஜூன் வரைக்கும் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டுகிறபோது பவளப்பாறை வெளுக்கிறது. 2016-ல் அப்படி வெளுத்ததில் உயிருள்ள பவளம் 38.9 சதவீதத்திலிருந்து 22.7 சதவீதமாகக் குறைந்தது என்று தூத்துக்குடியிலே உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையம் அளந்து சொன்னது.

இப்போது அந்தப் பாட்டிலுக்கு வருகிறேன். இஃப்கோவின் சாகரிகா மாதிரி நீங்கள் வாங்குகிற திரவங்கள் சிவப்புப் பாசி, பழுப்புப் பாசிகளிலிருந்து வருகின்றன. சிவப்புப் பாசியில் முக்கியமானது கப்பாபைகஸ். அது நம் கடலின் சொந்தப் பயிர் அல்ல. பவநகரில் தலைமையிடம் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம் 1984-ல் ஜப்பானிலிருந்து அதை இந்தியாவுக்குக் கொண்டு வந்தது. 1995-ல் மண்டபத்துக்கு வந்தது. அதைப் பிழிந்தால் வருகிற சாறு பயிருக்குத் தெளிக்க உதவும். சக்கையிலிருந்து எடுக்கிற காராஜீனன் ஐஸ்கிரீமுக்கும் பற்பசைக்கும் போகிறது.

2000-க்குப் பிறகு இராமநாதபுரம் கரையோரத்துப் பெண்கள் சுயஉதவிக் குழுவாகச் சேர்ந்து இதைப் பயிர் செய்யத் தொடங்கினார்கள். 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை, அதிலே வரிசையாகக் கயிறு, கயிற்றிலே பாசித் துண்டு. ஒரு மிதவைக்குச் சுமார் 60 கிலோ விதைப்பாசி கட்டினால் 45 நாளில் ஏறக்குறைய நாலு மடங்கு அறுவடை. உழவு இல்லை, உரம் இல்லை, தண்ணீர் பாய்ச்சுகிற கவலை இல்லை. 2001-ல் 21 டன்னாக இருந்த உலர்ந்த பாசி உற்பத்தி 2013 வாக்கில் 1,490 டன் அளவுக்கு உயர்ந்தது. கேட்கிறபோதே நமக்கும் ஒரு மிதவை போடலாமா என்று ஆசை வருகிறது இல்லையா?

அடுத்த வருஷங்களிலேயே விழுந்தது. கடல் சட்டென்று சூடேறியதில் பாசி வெளுத்துக் குழைந்து மிதவையிலிருந்து உதிர்ந்தது. விதைக்குக்கூடப் பாசி மிஞ்சாமல் பல குடும்பங்கள் தொழிலை விட்டார்கள். வெப்பம் ஒரு காரணம். இன்னொரு காரணம் வாழை விவசாயிக்கு நன்றாகப் புரியும். இந்தப் பாசி வித்து போட்டு வருவதில்லை. துண்டை வெட்டி, அந்தத் துண்டையே மறுபடி கட்டி, வருஷக்கணக்காக ஒரே தாய்ப்பாசியின் துண்டுகளையே பயிர் செய்தார்கள். ஒரே தோட்டத்துக் கன்றையே தலைமுறை தலைமுறையாக நட்டால் வாடல் வருகிறபோது மொத்தத் தோட்டமும் ஒன்றாகச் சாய்கிற மாதிரிதான் ஆயிற்று. திருச்சியிலே தேசிய வாழை ஆராய்ச்சி மையம் திசு வளர்ப்புக் கன்றை ஏன் வற்புறுத்துகிறதோ, அதே காரணத்துக்காக மண்டபத்திலும் திசு வளர்ப்பு முறையில் நல்ல விதைப்பாசி உண்டாக்குகிறார்கள். வெளிநாட்டிலிருந்து புது இரகம் தருவிக்க 2024-ல் மத்திய அரசு விதிமுறை வகுத்தது. இராமநாதபுரம் மாவட்டம் வலமாவூரில் கடல்பாசிப் பூங்காவுக்கு 2023-ல் அடிக்கல் நாட்டினார்கள்.

எனக்கு இதிலே ஒரு தயக்கம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 2008-ல் குருசடைத் தீவுப் பக்கம் இந்தக் கப்பாபைகஸ் மிதவையிலிருந்து தப்பிப் பவளப்பாறை மேலே படர்ந்து அதை மூடியதை விஞ்ஞானிகள் பதிவு செய்தார்கள். சீமைக் கருவேலத்தை விறகுக்கு ஆகும் என்றுதான் கொண்டு வந்தோம். இன்றைக்கு ஏரியையும் கண்மாயையும் அது பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆகவே பாசி வளர்ப்பு வேண்டாம் என்பதல்ல என் கட்சி. பவளம் இருக்கிற இடத்தை விட்டுத் தள்ளிப் போடட்டும், நம்ம கடலிலேயே பிறந்த பாசிகளையும் பயிருக்குக் கொண்டு வரட்டும்.

சொந்தப் பாசிக்கு என்ன குறைச்சல்? மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கடாப் பாசி என்று மன்னார் வளைகுடாவின் தாய்மார்கள் பெயர் வைத்து அழைக்கிற பாசிகள் இருக்கின்றன. அதிலே கட்டக்கோரையும் பக்கடாவும் பழுப்புப் பாசி, கெல்ப்புக்கு உறவு முறை. மூச்சடக்கி மூழ்கி, விரலிலே துணி சுற்றிக்கொண்டு, இவற்றைப் பறித்துப் பிழைக்கிற பெண்கள் அங்கே தலைமுறையாக இருக்கிறார்கள். 1986-ல் மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்காவாக ஆயின. பூங்காவில் கால் வைக்காதே என்று ஒரு பக்கம், வயிறு ஒரு பக்கம். அந்த இழுபறிக்கு நடுவிலே அந்தப் பெண்கள் தாங்களே கூடிப் பேசி ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள்தான் பறிப்பது; இரும்புச் சுரண்டியால் பாறையைச் சுரண்டாமல் கையால் பறிப்பது. அடிப்பிடிப்பு பாறையில் மிஞ்சினால்தானே மறுபடி துளிர்க்கும்? அவர்களிலே பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி அம்மாவுக்கு 2015-ல் சீக்காலஜி பரிசு என்கிற சர்வதேசப் பரிசு கிடைத்தது. மறுதாம்புக் கரும்பை எந்த உயரத்தில் வெட்டணும் என்று நாம் வகுப்பு நடத்துகிறோம். அந்த அம்மாக்கள் வகுப்பு இல்லாமலே அதை முடிவு செய்தார்கள்.

இனி நடவு. நம்முடைய கடலிலே உண்மையான நாற்று நடவு நடப்பது பாசிக்கு அல்ல, கடற்புல்லுக்குத்தான். இந்தியாவிலேயே கடற்புல் மிக அதிகமாக இருப்பது பாக் விரிகுடாவில். அந்தக் கடல் ஆழமில்லாதது. வெயில் அடிமண் வரைக்கும் எட்டும், புல் செழிக்கும். அதே காரணத்தால் கோடையிலே சீக்கிரம் சூடும் ஏறிவிடும். இறால் குஞ்சு, நண்டுக் குஞ்சு, ஓரா மீன் குஞ்சு எல்லாம் அந்தப் புல்லுக்குள்ளேதான் ஒளிந்து வளர்கின்றன. நாட்டுப்படகுக்காரனுக்கு அதுதான் நாற்றங்கால். ஆவுளியா என்று மீனவர்கள் சொல்கிற கடல்பசு ஒன்று நாளைக்கு 30, 40 கிலோ கடற்புல் மேயும். அந்த ஆவுளியாவைக் காப்பாற்றத்தான் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் அது முதலாவது.

நடவு எப்படி என்று சொல்கிறேன். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரச் சட்டம். தூத்துக்குடி நிலையத்தார் பிளாஸ்டிக் குழாயில் செய்த சட்டத்திலே குறுக்கும் நெடுக்குமாகச் சணல் கயிறு கட்டினார்கள். தஞ்சை மாவட்டம் வெளிவயலிலே உள்ள ஓம்கார் அறக்கட்டளையார் மூங்கிலும் தென்னங்கயிறும் வைத்துச் சட்டம் செய்கிறார்கள். அது தானே மக்கிப் போகும் என்பதால் எனக்கு மூங்கில் சட்டம்தான் பிடித்திருக்கிறது; நம்ம ஊர்ச் சரக்கும்கூட. நல்ல புல் இருக்கிற இடத்திலிருந்து, கிடைத்தண்டும் வேரும் ஒட்டியிருக்கும்படி நாற்றைப் பிடுங்குவார்கள். ஒரே இடத்தில் வழித்துப் பிடுங்காமல் அங்கங்கே கலைத்துப் பிடுங்க வேண்டும், இல்லாவிட்டால் நாற்றங்காலே பொட்டலாகிவிடும். பிடுங்கியதை வெயிலில் காய விடாமல் கடல் தண்ணீரிலேயே வைத்து, கயிற்றிலே கட்டி, சட்டத்தைக் கொண்டு போய்க் கடல் அடியில் பதிப்பார்கள். வேர் பிடித்ததும் கிடைத்தண்டு சட்டத்தைத் தாண்டி ஓட ஆரம்பிக்கும். அந்த ஓட்டம் மெதுவானது. வெட்டுப்பட்ட புல்வெளி முழுசாக மூட வருஷக்கணக்கில் ஆகும். நம்ம நாட்டிலே மூன்று மாசத்தில் குறுவை அறுத்துப் பழகியவர்களுக்கு அந்தப் பொறுமை வருவது கஷ்டம்தான்.

நட்ட இடத்தின் மேல் ஓர் இழுவை மடி போனால் என்ன ஆகும்? விசைப்படகு அடிமண்ணோடு இழுத்துச் செல்கிற மடி அது. நடவு முடிந்த வயலிலே அடுத்த நாள் கேஜ் வீல் போட்ட டிராக்டரை விட்ட மாதிரி ஆகும். கரையோரக் கடல் நாட்டுப்படகுக்கு என்று 1983-லேயே சட்டம் போட்டாயிற்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலமும் உண்டு. சட்டம் இருக்கிற இடத்திலே அதை நடத்துவதுதான் கடற்புல்லுக்கு நாம் போடுகிற ஜிப்சம். ஆயிரம் சட்டம் நட்டாலும் மடி நிற்காத இடத்திலே புல் நிற்காது என்பது என் அபிப்பிராயம். வெப்பத்தை நாம் குறைக்க முடியாது. ஆனால் மடியாலும் கலங்கலாலும் அடிபடாத புல், வெப்பத்தைத் தாங்கி மறுபடி துளிர்க்கச் சக்தியோடு இருக்கும். வேர் அழுகாத பயிர் வறட்சியைத் தாங்குகிற மாதிரி.

கலங்கல் என்று சொன்னேன். அங்கேதான் நாம் வருகிறோம். முக்கொம்பில் பிரிந்து நம்மைத் தாண்டிப் போகிற தண்ணீர் எங்கே போகிறது? கொள்ளிடம் பழையாறு பக்கம் வங்கக் கடலில் விழுகிறது. கல்லணையிலிருந்து புது ஆறு பட்டுக்கோட்டை, பேராவூரணி வரைக்கும் வயல் வயலாகப் பாய்கிறது. அந்த வயல்களின் வடிகால் பாக் விரிகுடாவிலேதான் இறங்குகிறது. அந்த வடிகால் தண்ணீரிலே வயலுக்குப் போட்ட யூரியாவும் கரைந்து போகிறது. தழைச்சத்து அதிகமான கடல் தண்ணீரிலே நுண்பாசி பெருகும். அது கடற்புல்லின் இலை மேலே அழுக்குப் போலப் படிந்து, தண்ணீரையும் கலக்கி, வெயிலை மறைத்துவிடும். வெயில் இல்லாத புல் பட்டுப் போகும். ஒரு விவசாயி போடுகிற உரத்தால் கடல் கெடுகிறது என்று நான் பழி போடவில்லை. நகரச் சாக்கடைக்கும் பெரிய பங்கு உண்டு. ஆனால் வடிகாலில் போகிற யூரியா நீங்கள் காசு கொடுத்து வாங்கிய யூரியா. கடலை மறந்துவிட்டுக் கணக்குப் பார்த்தாலும் அது நஷ்டம்தான்.

ஆகவே இந்த சம்பாவுக்கு இதைச் செய்து பாருங்கள். மேலுரம் போடுகிற முன்னாடி வயலில் தண்ணீரைச் சீராக வடித்து, உரத்தைப் போட்டு, பிறகு தண்ணீர் கட்டுங்கள். போட்ட பின் மடையைத் திறந்து விடாதீர்கள். யூரியா 5 பங்கு, ஜிப்சம் 4 பங்கு, வேப்பம் புண்ணாக்கு 1 பங்கு கலந்து ஓர் இரவு வைத்திருந்து போட்டால் சத்து மெதுவாகக் கரையும். மழை வருகிற மேகத்தைப் பார்த்துவிட்டு மூட்டையைப் பிரிக்காதீர்கள். இலை வண்ண அட்டை வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள். நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு தடவை பத்து இலையை அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற இரகங்களுக்கு 4 என்கிற வண்ணத்துக்குக் கீழே பாதிக்கு மேற்பட்ட இலைகள் இருந்தால் மட்டும், சம்பா, தாளடிக்கு ஏக்கருக்கு ஒரு தடவை 26 கிலோ யூரியா போடுங்கள். பச்சை சரியாக இருந்தால் அந்த வாரம் மூட்டை மூட்டையாகவே இருக்கட்டும்.

கடல்பாசித் திரவம் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது பயிரைத் தூண்டிவிடுகிற சரக்கு, யூரியாவுக்கோ டி.ஏ.பி.க்கோ மாற்று இல்லை. அடியுரத்தை நிறுத்திவிட்டு அதை மட்டும் நம்பாதீர்கள். உறையில் எழுதியிருக்கிற அளவுக்கு மேல் கலக்காதீர்கள். காலையிலோ மாலையிலோ இலை நனையும்படி தெளியுங்கள். தென்னைக்குக் கரையோரத்தில் ஒதுங்கிய பாசியைப் போடுகிற பழக்கம் கடற்கரைத் தோப்புகளில் உண்டு; யாராவது லாரியில் கொண்டு வந்தால் உப்புப் போக மழையிலோ நல்ல தண்ணீரிலோ அலசிய பிறகு போடுங்கள். பாறையிலிருந்து சுரண்டிய பச்சைப் பாசி என்று தெரிந்தால் வாங்காதீர்கள்.

அந்தக் கத்தரி விவசாயிக்கு என் பதில்: பாட்டில் கிடைக்கும் ஐயா. மிதவையிலே பயிர் செய்கிற பாசியிலிருந்து வருகிற வரைக்கும், மிதவைக்கு நல்ல விதைப்பாசி இருக்கிற வரைக்கும் கிடைக்கும். உங்கள் வடிகாலை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.